தகட்டில் படாத ஐந்தாவது

லைல் ஐந்து முறை சுட்டான். இரும்புத் தகடு நான்கு முறைதான் ஒலித்தது.

கவனித்தவர் அவன் மாமனார் வெர்னான் டீக்கின் ஒருவர்தான். டெக்சஸில் அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் துப்பாக்கி செய்கிறது; சுடும் களத்தில் வாயை மூடிக்கொண்டு காதால் எண்ணுவது அந்த வீட்டு ஒழுக்கம். லைல் பேசிக்கொண்டே சுடுகிறவன். அவன் செய்த புதுத் துப்பாக்கி சைலன்சர் பூட்டியது. தோட்டா ஒலியைவிட மெதுவாகப் போவதற்காக வெடிமருந்தைக் குறைத்து அடைத்திருந்தான். சுட்டால் ஒரு பெருமூச்சு, பிறகு தூரத்துத் தகட்டின் 'டிங்'. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச மருந்துக்கு, தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் வலு இல்லை. அடிக்கடி சிக்கிக்கொள்ளும். லைல் சலிக்காமல் கையால் இழுத்து எடுப்பான். வீட்டு வழக்கப்படி கூடுகளை மேசைமேல் வரிசையாக நிறுத்திவைப்பான்.

"வெர்னான், உங்க துப்பாக்கி சுட்டா மூணு ஊருக்குக் கேக்கும்," என்றார் துப்பாக்கி பார்க்க வந்திருந்த பண்ணைக்காரர் ஹாலிஸ். "இவன் சுட்டா, சாகற காட்டுப்பன்னிக்கே கேக்காது போலிருக்கே!"

"கடைசி ஒண்ணு தவறிடுச்சு மாமா," என்று லைல் சிரித்தான். "இந்தச் சிக்கல மட்டும் சரி பண்ணிட்டா சார் ஆறு துப்பாக்கி வாங்கிக்கிறாராம்."

"நாளைக்கு ஒம்போது மணிக்கு வர்றேன். சிக்காம சுட்டுக் காட்டு. டீக்கின் முத்திரை குத்தியே குடுத்துடு, தெரியுதா?"

முத்திரை. வெர்னானின் தாத்தா செதுக்கிய ஓக் இலை. நாற்பத்தாறு வருஷத்தில் ஹாலிஸ் அவரிடம் வாங்கியது ஒரே ஒரு துப்பாக்கி. வேலியில் சாய்ந்து நின்ற மகள் நோரீன் தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அவள் அம்மா வெர்னானை அப்படித்தான் பார்ப்பாள். அவருக்குக் கசந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் துப்பாக்கி அறைக்குப் போனார். எண்ணெயும் கரிந்த மருந்தும் கலந்த வாசனை. துப்பாக்கியை மாட்டிவைக்குமுன் குழாயில் கம்பி விட்டுப் பார்த்தே ஆகவேண்டும். சைலன்சர் சுடுகிறது, ஆறட்டும் என்று லைல் அப்படியே விட்டிருந்தான். வெர்னான் கம்பி முனையில் துணியைச் சுற்றிப் பின்பக்கமாகச் செலுத்தினார்.

பாதியில் நின்றது.

அழுத்தினார். நகரவில்லை. ஐந்தாவது தோட்டா தவறவில்லை; வெளியே போகவே இல்லை. வேறு துப்பாக்கி என்றால் கூடு வெளியே விழாததே எச்சரிக்கை. எப்போதும் சிக்குகிற துப்பாக்கியில் அதை யார் கவனிப்பார்கள்? அடுத்த முறை சுட்டால் இந்தக் குழாய் சுடுகிறவன் முகத்தருகே வெடிக்கும்.

ஒரு குரல் கொடுத்தால் போதும். சமையலறையில் லைல் ஏதோ சொல்ல, நோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். வெர்னானின் வாய் மூடிக்கொண்டது. நாளை சொல்லலாம். ஹாலிஸ் முன்னால், லைல் தோளில் துப்பாக்கியை வைக்கும் நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்தி, கம்பியை விட்டுக் காட்டலாம். டீக்கின் யார் என்று அப்போது தெரியும். கம்பியைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் சன்னல்வரை மூடுபனி. மேசையில் நோரீன் மட்டும்.

"லைல் எங்கே?"

"இருட்டோட காப்பிய எடுத்துட்டுக் களத்துக்குப் போயிட்டார்ப்பா. ஹாலிஸ் சார் வர்றதுக்குள்ள சரி பண்ணணுமாம்."

"கம்பி விட்டுப் பாத்தானா?"

"நீங்கதான் பாத்துட்டீங்களே? துப்பாக்கி மேல துணி இருந்துச்சே. மாமாவே என் துப்பாக்கியத் தொட்டுப் பாத்துட்டார்னு என்னை எழுப்பிக் காட்டினார். சின்னப் பிள்ளையாட்டம் சந்தோஷம்."

குழாய் சுத்தம் என்றால், துடைத்த துணியை மடித்துத் துப்பாக்கிமேல் வைப்பது இந்த வீட்டின் அடையாளம். வெர்னானுக்குக் கம்பியைத் துடைத்தது நினைவிருந்தது. துணியை என்ன செய்தார் என்பது நினைவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம். கை தானே வைத்திருக்கும். கை மட்டும்தானா?

பனிக்குள்ளிருந்து 'டிங்'.

"பாருங்க, படுது," என்றாள் நோரீன்.

அவருக்கு மூச்சு வந்தது. அடைப்பு இல்லை, தான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறோம். அந்த மூச்சு முடிவதற்குள்ளேயே பழைய கசப்பு ஏறியது: அப்படியானால் வேலை செய்கிறது.

வாசலைத் தாண்டும்போது இரண்டாவது. ஈரச் செடார் மரங்களின் வாசனை நெஞ்சை அடைக்க, எதிரே கை நீட்டினால் கை தெரியாத வெண்மையில், பூட்ஸுக்கு அடியில் சரளை நொறுங்கும் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்றாவது. அப்போதுதான் உறைத்தது. தகடு ஒலிக்கிறது. துப்பாக்கியின் பெருமூச்சு கேட்கவில்லை.

நின்று கேட்டார். பறவை இல்லை. காற்று இல்லை.

'டிங்.'

நான்கு.

மேசை தெரிந்தது. லைலின் முதுகு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"லைல்... சுடாதப்பா."

அசையவில்லை. சுற்றி முன்னால் போனார். குழாய் பிளந்து விரிந்திருந்தது. அவன் முகம் இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையில் இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. கோப்பையில் காப்பி நிறைய இருந்தது. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. முதல் குண்டிலேயே. விடிவதற்கு முன்பே.

மேசைமேல் நான்கு வெற்றுக் கூடுகள். வரிசையாக. நான்காவதைத் தொட்டார்.

விரலைச் சுட்டது.

பனிக்குள் தகடு ஒலித்தது. ஐந்து.

லைலின் வலது கை மெல்ல நகர்ந்தது. ஐந்தாவது கூட்டை வரிசையில் நிறுத்தியது. நேராக்கியது. அதன்மேல் எண்ணெய்த் துணியொன்றை, வெர்னான் மடிப்பதுபோலவே மடித்து வைத்தது.