பனிச்சுவருக்கு அந்தப் பக்கம்

டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் லியூங் அதைக் கவனித்தான். எல்லோரும் சுத்தியலைக் கீழே வைத்த பிறகும் எங்கேயோ சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவின் சியரா மலைமேல் அது நடுப்பகல். ஆனால் ரயில் பாதைக்குப் பாறை உடைக்க வந்த சீனர்களுக்கு, நாற்பதடிப் பனிக்கு அடியில் வெட்டிய அந்த வழியில், விளக்குப் புகையும் ஈரக் கம்பளி நாற்றமும் வெடிமருந்து நெடியும் கலந்து நின்ற மங்கலைத் தவிர வேறு பகல் கிடையாது. அந்த மங்கலில் பனிச்சுவரோடு காதை ஒட்டிக் கேட்டான். டங். டங். துளைக்கம்பியைத் திருப்பிப் பிடிக்க ஒரு கணம். மறுபடி டங். டங்.

சுவருக்கு அப்பால் பாதி குடைந்த குகை ஒன்று இருந்தது. முந்தின நாள் பனி சரிந்து அதன் வாயை அடைத்தபோது, உள்ளே அவன் அண்ணன் ஃபூக்கும் இன்னும் ஐந்து பேரும் வேலையில் இருந்தார்கள்.

லியூங் மேற்பார்வையாளன் டூலனிடம் ஓடினான். "உயிரோட இருக்காங்க துரை! இப்பவே தோண்டினா எடுத்துரலாம்!"

டூலன் வாயிலிருந்து புகைக்குழாயை எடுக்கவில்லை. "ஆறு பேருக்காக அறுபது பேர் வேலைய நிறுத்தணுமா? பனி இளகட்டும், பாக்கலாம்."

"அவங்க உங்க ஊர் ஆளுங்களா இருந்தா?"

"அந்தச் சுவரைத் தொட்டுப் பாரு. உனக்கு மட்டுமில்ல, உன் கூட்டத்துக்கே சோறு கிடையாது."

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. சாயங்காலம் சோறும் உப்புக்கருவாடும் வந்தன. லியூங்கும் சாப்பிட்டான்.

ஐந்தாம் நாளும் சத்தம் கேட்டது. பத்தாம் நாளும் கேட்டது.

"சோறில்லாம பத்து நாள் எவன்டா சுத்தியல் அடிப்பான்?" என்றான் பக்கத்துப் படுக்கை மோக். "ஐஸ் வெடிக்கிற சத்தம்டா. பேசாம படு." சொன்னவன் இரண்டு காதிலும் துணியை அடைத்திருந்தான்.

இருபதாம் நாள் சத்தம் வேகமெடுத்தது. கம்பியைத் திருப்பும் இடைவெளிகூட இல்லை. ஓய்வில்லை. மூச்சு வாங்கவும் நிற்கவில்லை.

முப்பதாம் நாள் பனி இளகியது. டூலனே திறக்கச் சொன்னான்.

சுவர் உடைந்தது. சத்தம் நின்றது.

ஆறு பேரும் வாசலிலேயே கிடந்தார்கள். ஒருவர்மேல் ஒருவராக. பனியைப் பிறாண்டிய விரல்களில் நகம் இல்லை. முகங்களின்மேல் ஐஸ் படிந்து கெட்டியாகியிருந்தது. முதல் சில நாளிலேயே செத்திருக்க வேண்டும்.

"அப்போ..." என்றான் மோக். "அடிச்சது யாருடா?"

டூலன் விளக்கோடு அவர்களைத் தாண்டி உள்ளே போனான். லியூங் பின்னால் போனான். பாறையில் புதுத் துளைகள். கீழே குவிந்த கல்தூளைத் தொட்டான். சுட்டது.

டூலன் அளந்து பார்த்தான். "முன்னே இருந்ததுக்கு ஒன்பதடி கூட."

அவன் முகத்தில் பயம் இல்லை. சந்தோஷம் இருந்தது.

"சோறும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம்," என்றான். "இவங்க உள்ளேயே இருக்கட்டும். குகையை மூடுங்க."

யாரும் நகரவில்லை.

"மூடுங்கடா! சோறு வேணுமா, வேண்டாமா?"

லியூங் மண்வெட்டியை எடுத்தான். முதல் அள்ளுப் பனி அண்ணன் காலில் விழுந்தது. அடுத்தது மார்பில். மூன்றாவதை முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

ஐஸுக்கு அடியில் ஃபூக்கின் இமைகள் பிரிந்தன. அவன் தம்பியை அடையாளம் கண்டுகொண்டான்.