ஐந்து நகப் பறவைநாகம்

முருகேசுவுக்கு இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிக் கிடந்தன. விடியப்புறம் தொடங்கி எட்டு மணிவரை கிணற்றில் நீர் இறைக்கத் துலா மிதித்த கால்கள். அதற்குமேல் புத்தூரிலிருந்து இணுவிலுக்கு நடை. சீவரத்தினத்தார் இருக்கச் சொன்னார். அவன் இருக்கவில்லை. இருந்தால் எழும்ப முடியாது.

சீவரத்தினத்தார் முப்பது வருடம் கோட்டு வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொய்யை இரண்டு பாஷையிலும் கேட்டுப் பழகியவர். பக்கத்தில் அவருடைய கூட்டாளி அடைக்கலநாதன், தபாற்கந்தோர் லிகிதர், பென்சிலைத் தீட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

முருகேசு மிதிக்கும் துலா நமசிவாயத்தாரின் தோட்டத்தில். அவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மூன்று நாளாகிறது. மகன் சண்முகநாதன் மலாயாவில் ரயில்வே கிளாக்கர். அந்தியேட்டிக்கு முதல் நாள்தான் வந்து இறங்கினார். தகப்பன் பினாங்கில் வாங்கிவந்த சீனக் கோப்பை ஒன்று மண்டபத்து அலுமாரியில் இருந்தது. மஞ்சள் பீங்கானில் பச்சைப் பறவைநாகம், சீனத்து டிராகன், காலுக்கு ஐந்து நகம். ஐந்து நகம் போட்டது சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனைச் சாமானாம். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரன் அதற்கு ஒரு கல்வீட்டின் விலை சொல்லியிருக்கிறான். நேற்று எடுக்கப் போனால் கோப்பை இல்லை.

அந்தியேட்டியன்று முருகேசு பின்வாசல் படலையால் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு போனதைச் சண்முகநாதன் கண்டிருந்தார். இன்று காலை கிணற்றடியில், பத்துப் பேர் பார்த்திருக்க, கள்ளன் என்றார். நாளை விடியக் கோப்பை வராவிட்டால் மறியற்சாலைதான் என்று ஊர் விதானையார் பரமலிங்கம் சொல்லிவிட்டார்.

"சாக்குக்குள்ளை என்ன?" என்று சீவரத்தினத்தார் கேட்டார்.

"அடுப்படிப் பழஞ்சாமான் ஐயா. தங்கமுத்தம்மா கட்டி வைச்சிருந்தவ. பனங்காணிக்குள்ளை அடிச்சுப் போடச் சொன்னவ, போட்டன். அவிட்டுப் பாக்கேல்லை."

தங்கமுத்து சண்முகநாதனின் தமக்கை. தகப்பனைக் கடைசிவரை பார்த்தவள்.

சீவரத்தினத்தார் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். மூவரும் மாட்டு வண்டியில் புத்தூர் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

அடைக்கலநாதன் பூதக்கண்ணாடியும் கையுமாக யன்னல்களையெல்லாம் பார்த்து, ஒரு கம்பியில் கீறல் கண்டு சந்தோஷப்பட்டார். சீவரத்தினத்தார் அலுமாரித் தட்டை மட்டும் பார்த்தார். சோழகக் காற்றுப் புழுதி தட்டு முழுக்க ஒரே கனமாகப் படிந்திருந்தது. பிறகு குசினி வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். உள்ளே பித்தளைச் செம்புகள் புளி போட்டு மினுக்கிய பளபளப்போடு இருந்தன. பானை சட்டியெல்லாம் சிவப்புப் புதுசு. கரி பிடித்தது ஒன்றுமில்லை. தகப்பன் கடைசியில் என்ன குடித்தார் என்று விசாரித்தார். இரண்டு மாதமாகக் கஞ்சியும் பரியாரியின் புளிப்புக் கசாயமும் என்றாள் தங்கமுத்து. எதில் வார்த்துக் கொடுத்தாய் என்றதற்கு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

விதானையாரையும் வரவழைத்து, எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, முருகேசுவை நீர் உந்தப் படி ஏற விட்டிருக்கிறீரோ?"

"அவனையோ? முற்றத்தோடை சரி."

"அந்தியேட்டியண்டு மண்டபம் நிறையச் சனம். படி மிதியாதவன் உள்ளை வந்து அலுமாரியைத் திறக்க, உவ்வளவு பேரும் வடை திண்டுகொண்டு இருந்தவையோ?"

விதானையாருக்குச் சிரிப்பு வந்து செருமலாக மாறியது.

"இரவிலை யன்னலாலை வந்திருந்தால்?" என்றார் அடைக்கலநாதன்.

"மூண்டு நாளைக்கு முதல் எடுத்திருந்தால், கோப்பை இருந்த இடம் வட்டமாகத் துப்புரவாய் இருக்கும். அங்கை வட்டமே இல்லை. கோப்பை தட்டை விட்டு ரெண்டு மாசத்துக்கு மேலை. அப்ப நீர் மலாயாவிலை, தம்பி. அப்பு பாயிலை. புளிப்பு மருந்தைப் பித்தளையிலை வாக்கக்கூடாது, களிம்பேறும். மண்சட்டியிலை வாத்தால் சட்டி குடிச்சுப்போடும். வீட்டிலை வேறை என்ன இருந்தது?"

சண்முகநாதன் தமக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அது சரி, பிறகு எங்கை போனது?" என்று அடைக்கலநாதன் அவசரப்பட்டார்.

"நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், உமக்குத் தெரியாது. செத்த வீட்டுத் துடக்குக் கழிக்கேக்கை வெங்கலம் பித்தளையை மினுக்கி எடுக்கலாம். மண் பாத்திரத்தைக் கழுவித் துப்புரவாக்கேலாது, எறியவேணும். பீங்கானும் மண்தானே பிள்ளை?" என்றார், தங்கமுத்துவின் பக்கம் திரும்பி.

தங்கமுத்து சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"சாகேக்கை அப்புவின்ரை வாயிலை இருந்த கோப்பை. எப்படி வீட்டிலை வைக்கிறது? வேட்டித் துண்டாலை சுத்திப் பானைக்குள்ளை வைச்சன். தம்பி விலை சொன்ன உடனை எனக்கு வாய் கட்டிப்போச்சு." தம்பியை நேரே பார்த்தாள். "அப்புவுக்கு நான் மருந்து வாக்கேக்கை ஒருத்தரும் வந்து நகம் எண்ணேல்லை."

"உன்ரை வாய் கட்டினதாலை உவன் மறியலுக்குப் போகப் பாத்தான்" என்றார் சீவரத்தினத்தார். அவள் தலை குனிந்தது.

பனங்காணிக் குப்பையில் முருகேசுவே இறங்கிக் கிளறினான். கரிச்சட்டி ஓடுகளுக்கு நடுவே வேட்டித் துண்டு அகப்பட்டது. அவிழ்த்தால் நாலு துண்டு. அவன் தோளிலிருந்து சாக்கை எறிந்த எறியில் உடைந்தது. ஒரு துண்டில் பச்சைக் காலொன்று, ஐந்து நகமும் பழுதில்லாமல்.

சண்முகநாதன் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விதானையார், பிராது தள்ளுபடி என்று கொப்பியை மூடினார்.

"நாளைக்குத் துலா மிதிக்க வா" என்றார் சண்முகநாதன், முருகேசுவின் முகத்தைப் பார்க்காமல்.

"வாறன். காலமை கேட்ட பத்துப் பேரும் கிணத்தடியிலை நிப்பினம். அவைக்கு முன்னாலை, நான் கள்ளனில்லை எண்டு சொல்லுங்கோ சின்னையா."

சண்முகநாதன் வீட்டுப் பக்கம் நடந்தார். அடைக்கலநாதன் பின்னால் போகப் புறப்பட, சீவரத்தினத்தார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கோப்பையைக் கண்டுபிடிக்கத் தன்னால் ஏலும், சண்முகநாதனின் வாயைத் திறக்கவைக்க ஏலாது என்றார்.

அடுத்த கிழமை சண்முகநாதன் கப்பலேறிவிட்டார். பத்துப் பேருக்கு முன் கள்ளன் என்றவர், அதே பத்துப் பேருக்கு முன் 'இவன் கள்ளனில்லை, பிழை என்னிலை' என்று சொல்லவேண்டிய, முருகேசுவிடம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.