கட்டையில் எழுந்த பள்ளங்கள்

துணியைப் பிரித்ததும் கட்டை பளபளத்தது. அதுதான் ஐலாவை முதலில் உறுத்தியது. அவள் தம்பி ஆர்வோ தன் துப்பாக்கிக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. இதிலோ பாகுபோல் தடித்த வார்னிஷ். அவசரத்தில் பூசியிருக்க வேண்டும். தூரிகை மயிர் ஒன்று அதில் சிக்கிக் கிடந்தது.

போன மான் வேட்டைப் பருவத்தில் ஆர்வோவும் ஐலாவின் கணவன் வெய்னோவும் சதுப்புக்காட்டுக் குடிசைக்குப் போனார்கள். வெய்னோ மட்டும் திரும்பி வந்தான். ஏரிப் பனி உடைந்து ஆர்வோ உள்ளே போய்விட்டான், கரையில் துப்பாக்கி மட்டும் மரத்தில் சாய்ந்திருந்தது என்றான். உடல் கிடைக்கவில்லை. துப்பாக்கியை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஐலா கேட்டுக் கேட்டு, இன்றுதான் குழலும் விசையுமான இரும்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு கட்டையை மட்டும் தந்தான்.

"மச்சான் ஞாபகமா சுவத்துல மாட்டிக்க. ஆனா முதல்ல உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சிடு."

"எனக்கே பாடமா? ஊர்ல பாதி வீட்டு நாற்காலி வார்னிஷ் என் கையில உரிஞ்சதுதான்."

"அதான் சொல்றேன். நாற்காலிய உரிக்கிற மாதிரி உரி. புருஷனை உரிக்கிற மாதிரி வேணாம்."

சிரித்தான். கண் கட்டையைவிட்டு அகலவில்லை.

நிலவறையில், உறைபனி பூத்த சின்ன ஜன்னலுக்கு அப்பால் வெளிச்சம் நீலமாகிக் கறுத்துக்கொண்டிருந்த வேளையில், வீட்டைச் சூடாக்கும் சூட்டடுப்பின் உறுமலையும் மேலே வெய்னோ இறைச்சி அடைத்த பாஸ்டி அப்பம் சுடும் வெங்காய வாசனையையும் துணையாக வைத்துக்கொண்டு, அவள் வார்னிஷ் உரிக்கும் திரவத்தைத் தடவி, அது கொப்புளமாய்ப் பொங்கியதும் மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டினாள். அடியில் வால்நட் மரம் தெரிந்தது. தோளில் பதியும் முனையில் பள்ளங்களும் தெரிந்தன. பிறை பிறையாய், ஒன்றன்மேல் ஒன்றாய். கல்லில் இடறி விழுந்தால் மரம் சிராய்க்கும். இவற்றில் சிராய்ப்பே இல்லை. உருண்டையான, கடினமான எதன்மீதோ ஓங்கி ஓங்கி இறங்கிய முனை.

அதற்குத்தான் தேய்க்கச் சொன்னானா?

உப்புத்தாள் மரத்தைத் தின்றுவிடும். அப்புறம் இரும்பு பொருந்தாமல் துருத்தி நிற்கும். தொழில் தெரிந்தவர்கள் பள்ளத்தை நீராவியால்தான் எழுப்புவார்கள். ஈரத்துணியைப் பள்ளத்தின்மேல் போட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால், நசுங்கிய நார் தண்ணீர் குடித்து உப்பித் தன் இடத்துக்கு வந்துவிடும். ஐலா அப்படித்தான் செய்தாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. நனைந்த கம்பளியும் மெல்லும் புகையிலையும் கலந்த வாசனை. ஆர்வோவின் சட்டை வாசனை. துணியை எடுத்தாள். பள்ளம் இல்லை.

மேலே ஏதோ தட்டு விழுந்து உடைந்தது.

"ஐலா! தலைவலி மாத்திரைய எங்க வச்சே?"

"ஜன்னலோரம் பாரு. கண்ணு முன்னாடி இருந்தாலும் உனக்குத் தெரியாதே."

இரண்டாவது பள்ளம். ஆவி. மேலே நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு முனகல்.

அவள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். முனகல் அடங்கியது. பள்ளமே இல்லாத வழவழப்பான இடத்தில் துணியைப் போட்டுப் பெட்டியை வைத்துப் பார்த்தாள். ஆவி வந்தது. மேலே சத்தமில்லை. துணியை நகர்த்தினாள். மூன்றாவது பள்ளம்.

அலறல்.

நிறுத்திவிடலாம். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டு மேலே போய்ச் சாப்பிடலாம். நாளையும் அவன் பக்கத்தில் படுக்கலாம். ஆனால் ஆர்வோ?

நான்காவதிலும் வைத்தாள். ஐந்தாவதிலும்.

"வெய்னோ," என்றாள் மேலேறும் படியைப் பார்த்து. "ஆர்வோ ஏரியில விழுந்தானா?"

சூட்டடுப்பு உறுமி நின்றது.

"நீ தேய்க்கலியா?" மேலிருந்து குரல் வந்தது. அவன் குரல்தான். ஆனால் நீருக்கடியிலிருந்து வருவதுபோல். "தேய்க்கத்தானே சொன்னேன்."

அவள் இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தினாள். சீறியது. அடங்கியது. கட்டையில் ஒரே பள்ளம் மிச்சம். எல்லாவற்றிலும் ஆழமானது.

படியில் காலடி.

ஒன்று. நின்றது. இன்னொன்று.

வெளிச்சத்துக்குள் வந்தான். ரத்தம் இல்லை. காயம் இல்லை. பிசைந்த மாவில் கட்டைவிரல் அழுத்தியதுபோல் தலையெங்கும் பிறைப் பள்ளங்கள். பள்ளங்களுக்குள்ளும் நரைமுடி, பிறந்ததிலிருந்தே அப்படி இருந்ததுபோல் படிந்திருந்தது. ஒரு கண் கீழே இறங்கியிருந்தது. மற்றது அவளைப் பார்த்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கா?"

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர்.

"நான் வைக்கல," என்றாள். "இனிமே வைக்கல."

அவன் பார்வை அவளைவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனது. அவளும் திரும்பினாள்.

துணி இல்லை. சூடு இல்லை. கட்டையின் கடைசிப் பள்ளத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. மரம் மூச்சு இழுப்பதுபோல் மேலேறியது. கொஞ்சம் கொஞ்சமாய்.

வெய்னோ சத்தம் போடவில்லை. புருவங்களுக்கு நடுவே, அவன் நெற்றி உள்ளே போய்க்கொண்டிருந்தது.