பாக்தாத் போக வேண்டிய உறை

வியாழக்கிழமை காலை 8.10. கரமனை அக்ரகாரத்தில், நாகேஸ்வரன் வீட்டு அலமாரியில் இருந்த பழுப்பு உறையைக் காணோம்.

கழக்கூட்டத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயணப் பாதுகாப்பைக் கவனிக்கும் பத்மஜா 8.50க்கு வந்து சேர்ந்தார். நாகேஸ்வரனின் மகள் ஜானவி மறுநாள் மதியம் அந்த நிறுவனத்தின் வேலையாக பாக்தாத் புறப்பட வேண்டும். அங்கே அவளுக்கு இரண்டு மெய்க்காவலர்களை அமர்த்தியிருந்தது பத்மஜாதான். அவர்களின் படம், சந்திக்கும் இடம், அவர்கள் சொல்ல வேண்டிய அடையாளச் சொல் எல்லாம் அந்த உறைக்குள். தப்பான கையில் சிக்கினால், தப்பான ஆள் வந்து அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இரண்டு வருஷம் பாடுபட்டு அவள் பிடித்த வாய்ப்பை ரத்து செய்யவும் பத்மஜாவுக்கு மனம் வரவில்லை.

"கவர் பக்கத்துல என்ன இருந்தது?"

"பாஸ்போர்ட், டாலர். ரெண்டும் அப்படியே இருக்கு," என்றாள் ஜானவி.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"ஏழு மணிக்கு. அப்புறம் குளிக்கப் போயிட்டேன். அம்மா அடுக்களையில. அப்பா ஏழே முக்காலுக்கு நடக்கப் போனார். எப்பவும் ஆறு மணிக்கேயாக்கும், இன்னைக்கு லேட்."

வெளியாள் யாரும் வரவில்லை. சந்தேகம் அம்மா லலிதாம்பாள் மேல்தான் திரும்பியது. ஒரு வாரமாக அழுகை, போகாதே என்று ஒரே பிடிவாதம். மூக்கைச் சிந்திக்கொண்டே, தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்.

நாகேஸ்வரன் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். இந்த அமளியிலும் செய்தித்தாளின் அச்சுப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தார். பஞ்சாங்கம் பார்க்கும் மனைவியை நாற்பது வருஷமாகக் கிண்டல் செய்பவர். மகள் போகட்டும் என்று முதலில் சொன்னவரும் அவரே.

9.20. சுவரில் தேதி காலண்டர். அன்றைய தாளில் எமகண்டம் 6 முதல் 7.30 வரை. பத்மஜா அதைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தாளில் 'சூலம் மேற்கு' என்பதன் கீழே சிவப்புக் கோடு. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எடுத்தது நீங்கதான், மாமா."

செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது.

பயணத்தை நிறுத்த நினைப்பவர் பாஸ்போர்ட்டை எடுத்திருப்பார், திருடன் டாலரை எடுத்திருப்பான் என்றார் பத்மஜா. இரண்டையும் விட்டவர், பயணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று விரும்பியவர். வெள்ளிக்கிழமை மேற்கே போகக் கூடாது என்பார்கள். முதல் நாளே நல்ல வேளையில் பயணியின் பொருள் ஒன்றை அடுத்த வீட்டில் கொண்டு வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக ஆகும். பரஸ்தானம் என்று பெயர். பத்மஜாவும் தமிழ் அக்ரகாரத்தில் வளர்ந்தவர்தான்.

"ஆறு மணிக்கு நடக்கிறவர் எமகண்டம் கழியட்டும்னு காத்துண்டிருந்ததை ஒருத்தரும் கவனிக்கலை."

லலிதாம்பாள் அழுகையை மறந்து கணவரை வாய் பிளந்து பார்த்தார். உறை அடுத்த வீட்டுப் பகவதியம்மாளின் பூஜை அலமாரியில் பத்திரமாக இருப்பதாக நாகேஸ்வரன் ஒப்புக்கொண்டார். வழக்கப்படி மகளின் துணியை எடுத்தால் மனைவி கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிடுவாள் என்றுதான் உறையை எடுத்தாராம்.

"நீங்க காவலுக்கு ரெண்டு பேரை ஏற்பாடு பண்ணியிருக்கேள். தோப்பனாருன்னு நான் என்ன பண்றது, சொல்லுங்கோ?"

ஜானவி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆனாலும் விதி விதிதான். முத்திரை உடையாவிட்டாலும், வீட்டை விட்டுப் போன உறை செல்லாது. பத்மஜா அடுத்த வீட்டுக்குப் போய், உள்ளிருந்த தாளை மட்டும் உருவிக் கிழித்தார். பரஸ்தானம் கெட வேண்டாம், போகும் வழியில் ஜானவி எடுத்துக்கொள்ளட்டும் என்று வெற்று உறையை அங்கேயே விட்டார். மாலைக்குள் காவலர்களையும் இடத்தையும் மாற்றியாயிற்று. அடையாளச் சொல் மட்டும் பாக்கி.

"அதை நீங்க குடுங்கோ, மாமா. வெளியில ஒருத்தருக்கும் தெரியாததா இருக்கணும்."

அவர் வெகுநேரம் யோசித்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை, பாக்தாத் விமான நிலையத்தில், ஆறரை அடி உயர அந்நியர் ஒருவர் ஜானவியின் எதிரே வந்து நின்றார். நாக்குத் தடுமாற, "குஞ்சுலு" என்றார். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளோடு அப்பா கூப்பிடுவதை நிறுத்திவிட்ட பெயர் அது.