பழுதாகாத மெஷின்

முகம் முழுக்கத் தூசி. அதற்குள் இரண்டு கண்கள் மட்டும் கோபமாக... அவற்றைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சினிமா தியேட்டரின் ஸ்டோர் ரூமில், நின்றுபோன வேக்குவம் மெஷினை அவன் திறந்ததும் உள்ளிருந்த காகிதப் பை கிழிந்து அத்தனை குப்பையும் அவன் மேல் கொட்டியது. மெஷின் கம்பெனியிலிருந்து வழக்கமாக வரும் மெக்கானிக் வேலையை விட்டுவிட, அவருக்குப் பதிலாக அன்றுதான் முதல்முறை வந்தவன் அவன். அவளோ துப்புரவுப் பிரிவின் சூப்பர்வைசர். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கிழிந்த பையை அவன் தூக்கிக் காட்டினான். ஓரமெல்லாம் டேப்.

"இதைக் கொட்டிட்டு மறுபடி மாட்டுனது யாரு?"

"நான்தான். புதுப் பை வரலை. அடுத்த ஷோவுக்கு இருபது நிமிஷம்தான் இருந்துச்சு."

"ஈரக் கார்பெட்ல வேற ஓட்டியிருக்கீங்க. காத்து போக வழியில்லாம மோட்டார் மூச்சு முட்டிச் செத்திருக்கு, மேடம்."

பக்கத்தில் நின்ற துப்புரவுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் ஆட்கள் முன்னால் பேச்சு வாங்கியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் உங்களைக் கூப்பிடும் நிலைமையே வராது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். வராமல் இருந்தால் சந்தோஷம்தான் என்றான் அவன்.

மறுநாள் புது மோட்டாரோடு வந்தான். கையில் ஒரு பெட்டி நிறைய முகக்கவசம். யாருக்கு என்று சொல்லவில்லை. அவள் மேஜையில் வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தான். பை முக்கால்வாசி நிறைந்ததுமே மாற்றிவிட வேண்டும், அதன் வாயிலுள்ள அட்டை சரியாகப் பொருந்தியதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், சத்தம் கீச்சென்று ஏறினால் எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்... நேற்றைய கோபம் போன இடம் தெரியாத குரலில் சொல்லிக்கொண்டே போனான். அவள் கேட்டாள். கேட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம். கழுவித் துடைத்த முகத்தில் அந்தக் கண்கள்... இவ்வளவு சாதுவான கண்களா நேற்று அப்படி முறைத்தன?

கிளம்பும்போது, நேற்றுக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றான். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினாள். பாழாய்ப்போன வீம்பு.

அதன்பின் அவன் வரவில்லை. வருவதற்கு அவள்தான் வழி வைக்கவில்லையே. சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பைகளை நேரத்துக்கு மாற்றினாள். தீரும் முன்பே அடுத்த கட்டுக்கு ஆர்டர் கொடுத்தாள். மழை நாளில் கார்பெட் காயும்வரை யாரையும் மெஷினைத் தொட விடவில்லை. ஐந்து மாதம் போயிற்று. தியேட்டரின் மூன்று மெஷின்களும் குண்டுக்கல் மாதிரி இருந்தன. அவள்தான் இளைத்துப் போனாள்.

கூட வேலை செய்யும் அக்காவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒரே ஒரு பையை மாற்றாமல் விட்டுப் பார், ஆள் தானாக வருவார் என்று சீண்டினாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒருநாள் யாரும் இல்லாதபோது குழாயின் வாயை உள்ளங்கையால் மூடினாள். மெஷின் கீச்சென்று கத்தியது... சட்டென்று கையை எடுத்துவிட்டாள். நல்ல மெஷினைக் கெடுத்து ஒருவரை வரவழைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மழை பெய்யும்போதெல்லாம் கண் மட்டும் வாசலுக்குப் போகும். ஏமாந்து திரும்பும்.

அந்தப் புதன்கிழமை பைக்கட்டு கொண்டுவந்த கம்பெனி டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்த மெக்கானிக்குக்கு வேறு ஊருக்கு மாற்றல். நாளை மறுநாள் கிளம்புகிறார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூட மறந்தாள். மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அவன் நம்பரை ஐந்து மாதமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடம். கூப்பிட்டாள்... வரமுடியுமா என்று மட்டும் கேட்டாள்.

அரை மணி நேரத்தில் நனைந்துகொண்டு வந்து நின்றான். மூன்று மெஷின்களையும் திறந்தான். புத்தம் புதுப் பை. ஃபில்டரில் பொட்டுத் தூசி இல்லை.

"இதுல என்ன குறை?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

இப்போது விட்டால் இனி இல்லை.

"இனிமே கூப்பிட மாட்டேன்னு சொன்னேன்ல... அன்னியிலிருந்து தினமும் கூப்பிடணும்னுதான் இருந்துச்சு. போகாதீங்க."

அவன் மூடியை மெல்லச் சாத்தினான். சொட்டும் தலைமுடியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"உங்க பை ஆர்டரை எல்லாம் நான்தான் எடுத்து வைப்பேன். மாசம் தவறாம வரும். ஒவ்வொரு தடவையும், இவங்களுக்கு நான் தேவையே இல்லன்னு நெனச்சுக்குவேன். இந்த மாற்றலைக் கேட்டு வாங்குனதே நான்தான். இந்தத் தெரு வழியா தினமும் போய்க்கிட்டு... உள்ள வர ஒரு காரணம் இல்லாம... முடியலங்க."

சுவருக்கு அப்பால் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் நிறைந்து வழிந்தன, துடைக்கவில்லை.

"ஷோ முடிய எவ்வளவு நேரம் இருக்கு?" என்றான்.

"பத்து நிமிஷம்."

"போதும். மாற்றல் வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிடறேன். உங்க வீட்டுல நான் யார்கிட்ட வந்து பேசணும்... அதை மட்டும் சொல்லுங்க."

"அப்பாகிட்ட" என்றாள்.