அன்று நாற்காலியில் யார்?

புதன், மாலை 4.40. மைசூர் அக்ரஹாரத்தில் பழுதுபார்ப்புக்காகக் காலியாக இருந்த வீட்டில் கனகலக்ஷ்மி அம்மாள் இறந்து கிடந்தார். தலையில் அடி. பக்கத்தில் கொத்தனார் முனிராஜின் சுத்தியல்.

அதுவரை தெருவில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் குடியரசுத் தலைவர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். நண்பகலில் குடியரசுத் துணைத் தலைவர் அவருடைய பொறுப்பை ஏற்றிருந்தார்.

கொலை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நடந்ததாகக் கணித்த இன்ஸ்பெக்டர் தொட்டையன் இரண்டு பேரைச் சந்தேகித்தார். மூன்று மணிக்கு டீ குடிக்கப் போனதாக முனிராஜ் சொன்னான். எந்தக் கடைக்காரருக்கும் அவன் முகம் நினைவில்லை. இன்னொருவன் இறந்தவரின் மகன் ஸ்ரீவத்ஸன். அந்த வீட்டை விற்க அம்மா சம்மதிக்காதது ஊரறிந்த விஷயம். ஆனால் அவன், இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் ராஜ்யசபா நேரலை பார்த்ததாகச் சொன்னான்.

ஸ்ரீவத்ஸனின் பக்கத்து வீட்டுத் தாரணி பகலில் துணிக்கடையிலும் மாலையில் அரசியல் வகுப்பிலும் இருப்பவள். அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள்.

"மூணு மணிக்கு அவன் வீட்டுல டிவி சத்தம் கேட்டுச்சு, ஹௌதா?" என்று கன்னடம் கலந்து கேட்டார் தொட்டையன்.

"கேட்டுச்சு சார். நாலு வரைக்கும். துணைத் தலைவர் எம்.பி.க்களை உட்காரச் சொல்லித் திட்டிட்டே இருந்தாரு."

"அவர் குரல்தானா?"

தாரணி யோசித்தாள். மறுபடியும் யோசித்தாள். "அவர்தான் சார்."

"ஆயிது, முடிஞ்சுது. அப்போ முனிராஜ்தான்."

வெள்ளி, மாலை வகுப்பு. ஆசிரியை சுஷ்மா கேட்டார்: "குடியரசுத் துணைத் தலைவர்தான் ராஜ்யசபாவுக்கும் தலைவர். அவர் குடியரசுத் தலைவரோட வேலையைப் பார்க்கறப்ப, ராஜ்யசபாவை யார் நடத்துவா?"

"ரெண்டையும் அவரே பார்க்கட்டும் மேடம், டபுள் சம்பளம்!" என்றான் கிரண்.

வகுப்பு சிரித்தது.

"முடியாது. அந்த நாற்காலியில அவர் உட்காரக் கூடாது. அவையோட துணைத் தலைவர்னு வேற ஒருத்தர் இருக்கார், அவர்தான் நடத்துவார்."

தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தின் பதிவைப் போனில் தேடிப் பார்த்தாள். பிற்பகல் முழுக்க நாற்காலியில் வேறு ஆள். தன்மேல் நம்பிக்கையில்லாமல் திரும்பவும் பார்த்தாள். பிறகு ஸ்டேஷனுக்குப் போனாள்.

தொட்டையன் ஸ்ரீவத்ஸனை வரவழைத்தார். "அன்னிக்கு நேரலையில நாற்காலியில யாரு?"

"துணைத் தலைவர்தான். வேற யாரு உட்காருவா?"

"மத்தியானமே அவர் அந்த நாற்காலியை விட்டுட்டாரு" என்றாள் தாரணி. "நீங்கதான் கொன்னீங்க. முந்தைய நாள் பதிவை ஓடவிட்டுட்டுப் போயிருக்கீங்க. அதனால அவை நாற்காலியிலயும் ஆள் மாறும்னு உங்களுக்குத் தெரியல."

ஸ்ரீவத்ஸன் தலை கவிழ்ந்தான். "எத்தனை கெஞ்சினேன்... விக்க விடல" என்றான்.

இரவு முனிராஜை வெளியே விட்டார்கள். இரண்டு நாள் விசாரணையில் அவனுடைய வலது கை விரல்கள் மூன்று உடைந்திருந்தன. திருப்பிக் கொடுத்த சட்டைக்குப் பொத்தான் போட அவனால் முடியவில்லை. மனைவி ஆண்டாள் போட்டுவிட்டாள்.

"அக்கா, நான் கேட்டதைத்தான்..." என்றாள் தாரணி.

"இனி எந்தக் கையில இவரு சுவரு கட்டுவாரு?" என்றாள் ஆண்டாள். "வழிய வுடு."