அழுகண்ணி நின்ற சரிவு

அந்தி மயங்கும் வேளையில், கோட்டையைச் சூழ்ந்த பகைவர் பாசறையின் தீயொளி, வற்றி மணலாய்க் கிடந்த ஆற்றின்மேல் குருதிபோல் படர்ந்துகொண்டிருந்தது. முற்றுகை தொடங்கி மூன்று திங்களாகிவிட்டன. குன்றிலே புல்லும் கருகிவிட்டது. ஆயினும், அன்பு வாசகர்களே, பகைவர் கண்ணில் படாமல் குன்றில் இறங்கி மருந்துச்சாலைக்குப் பச்சிலை பறிக்கும் சேந்தி என்னும் பெண்ணின் கையிலிருந்த தொன்னையில், வேர்மண்ணோடு ஒரு சிறு செடி உயிரோடிருந்தது.

"என்ன வீரரே, தொடைக்காயம் ஆறியும் படுக்கையை விட மனமில்லையோ?" என்று அதை மருந்துச்சாலையில் படுத்திருந்த கண்டன் என்னும் வீரனிடம் நீட்டினாள். இருபது நாள் அவன் காயத்துக்கு இலை கட்டியவள், மனத்தையும் அங்கேயே விட்டிருந்தாள்.

தரையோடு படியும் செந்நிற இலைகள். இலைமயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. நூல்போன்ற தண்டில், அந்திக்குக் குவிந்துவிட்ட வெண்பூக்கள். ஓர் இலையில் எறும்பு ஒட்டித் துடித்தது.

"பனித்துளியா?"

"நண்பகலிலும் காயாத பனியா? பசை ஐயா, பசை! அழுகண்ணி என்போம். தேனென்று வந்த எறும்பை மெல்ல மடித்துத் தின்றுவிடும்."

"எல்லாம் கருகிய கோடையில் இது மட்டும் எப்படியடி பிழைத்தது?"

"அடிமண்ணில் ஈரமில்லாவிட்டால் இது நிற்காது. மேற்குச் சரிவில், பிளந்த பாறைக்குக் கீழே ஐம்பது செடியாவது இருக்கும்" என்று சிரித்தாள். கண்டனும் சிரித்தான்.

விடிந்தபோது படுக்கை வெறுமையாயிருந்தது. காயம் கட்டிய துணிகளால் திரித்த கயிறு மதிலில் தொங்கியது. நான்காம் பகலில் கோட்டைத் தொட்டியில் நீர் விழும் ஓசை நின்றது. பிளந்த பாறையின் ஊற்றிலிருந்து மண்ணுக்குள் மறைவாக வந்த கால்வாயைப் பகைவர் வெட்டிவிட்டனர்.

"ஒற்றனுக்கு ஊற்றைக் காட்டிக்கொடுத்தாயே, பாவி!" மருந்துச்சாலையில் விசாரித்தறிந்த கோட்டைத் தலைவர் விழுப்பரையர் சேந்தியின்மேல் வாளை உருவினார்.

"நான் செடியைத்தான் காட்டினேன். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று எங்களுக்கு எவர் சொன்னீர்கள்? பச்சிலை பறிக்க எங்கள் கால் வேண்டும். இரகசியம் கேட்க எங்கள் காது ஆகாதோ? சொல்லியிருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். வெட்டுங்கள்! ஆனால் அழுகண்ணி நிற்கும் இடம் இன்னொன்று உண்டு."

வாள் தாழ்ந்தது. "எங்கே? சொல்!"

கண்டன் விட்டுச்சென்ற தொன்னையைச் சேந்தி பார்த்தாள். எறும்பிருந்த இலை முற்றும் மூடியிருந்தது.

"குடங்களைக் கொடுங்கள். இந்தக் கோட்டையில் ஒரு வாயும் வறள விடமாட்டேன்; இது சத்தியம். இடத்தை மட்டும் இனி எந்த ஆணுக்கும் சொல்லமாட்டேன். உமக்கும்தான்."